மறைவில் எரித்தால் மரியாதை
(கொடி எரிப்பும் கறுப்புச் சிரிப்பும்)

1

கொடி எரிப்பைப் பற்றி நம்மிடையே புழங்குகிற நகைச்சுவைகளை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படுகிறது. அவற்றில் சிரிப்புக்கு ஆளாகிறவன் எப்போதும் எரிக்கிறவன்தான். எரிக்கக் கொடி வேண்டும், கொடி வேண்டுமென்றால் கடைக்குப் போகவேண்டும், கடைக்காரனிடம் விலை பேசவேண்டும். 'எரிக்கத்தானே போறே, கிழிஞ்சது ஒண்ணு இருக்கு, பாதி விலைக்கு எடுத்துக்க' என்று கடைக்காரன் சொன்னானாம். மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கார்டைக் கேட்டானாம். கொடி எரிந்து முடிந்த பிறகு பத்திரிகைப் போட்டோக்காரர் வந்து சேர்ந்தாராம், 'அண்ணே, இன்னொரு தடவை' என்றாராம். கடலூர் மஞ்சக்குப்பத்து டீக்கடைகளிலும் சிதம்பரம் கீழவீதியிலும் இந்த மாதிரிக் கதைகளை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் பாதிப் பேர் இயக்கத் தோழர்கள். தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ளும் பழக்கம் நம் தோழர்களுக்கு உண்டு, அது நல்ல பழக்கம்தான்.

வெளிநாட்டுச் சரக்கும் இதே ரகம்தான். 2006இல் டென்மார்க் பத்திரிகை ஒன்றில் வந்த நபிகள் நாயகத்தின் கேலிச் சித்திரங்களை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, காசாவில் ஒரு கடைக்காரர் முன்யோசனையோடு டென்மார்க் கொடிகளை வரவழைத்து அடுக்கி வைத்திருந்தார் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. இரானில் கொமேனி பிறந்த ஊரான கொமெய்னில் ஒரு தொழிற்சாலை அமெரிக்கக் கொடியையும் இஸ்ரேல் கொடியையும் அச்சடிக்கிறது. அவை பறப்பதற்காக அச்சாவதில்லை, எரிவதற்காகவே அச்சாகின்றன. 2020 ஜனவரியில் அந்தத் தொழிற்சாலையின் படங்கள் உலகெங்கும் வெளிவந்தன. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நட்சத்திரங்களைச் சரிபார்க்கிறார்கள். நாளைக்கு எரியப்போகிற கொடி என்றாலும் நட்சத்திரம் கோணலாக இருக்கக் கூடாது. 'பார்த்தாயா, எதிர்ப்பும் சந்தைச் சரக்காகிவிட்டது' என்று இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்தச் சிரிப்பு எங்கே நிற்கிறது, எங்கே போக மறுக்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஃப்ராய்ட் ஒரு கதை சொல்வார். திங்கட்கிழமை காலையில் ஒருவனைத் தூக்குமேடைக்கு இழுத்துப் போகிறார்கள். அவன் 'இந்த வாரம் நல்லாத்தான் ஆரம்பிக்குது' என்கிறான். தூக்குமேடைச் சிரிப்பு என்று சொல்லப்படுவதன் மூலவடிவம் இது. இதில் கவனிக்க வேண்டியது, சிரிக்கிறவன் கயிற்றுக்குக் கீழே இருக்கிறவன் என்பது. வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து ஒருவன் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் அதற்குப் பெயர் வேறு. நாம் 'கறுப்பு நகைச்சுவை' என்ற பெயரில் கொடி எரிப்பவனைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கிற கதைகளில் பெரும்பாலானவை கூட்டத்திலிருந்து வருகிறவை. கயிற்றுக்குக் கீழே நிற்கிறவனின் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால் தமிழ்நாட்டில் நமக்கு நல்ல மரபே உண்டு. கடலூரிலேயே உண்டு.

2

1944இல் கடலூரில் கூட்டம் முடித்துவிட்டுப் பெரியார் ரிக்‌ஷாவில் போகிறார். இருட்டிலிருந்து ஒரு செருப்பு வந்து விழுகிறது. கொஞ்ச தூரம் போன வண்டியைத் திருப்பச் சொல்கிறார். திரும்பி வந்தவர் மீது இன்னொரு செருப்பும் விழுகிறது. அதையும் எடுத்துக்கொண்டு போகிறார். ஒற்றைச் செருப்பு எறிந்தவனுக்கும் உதவாது, வாங்கியவனுக்கும் உதவாது என்பது கணக்கு. பின்னாளில் அந்த இடத்திலேயே அவருக்குச் சிலை வைத்தார்கள். இந்தச் சம்பவத்தை நாம் இத்தனை காலமும் பெருந்தன்மைக் கதையாகச் சொல்லி வீணடித்துவிட்டோம். இதில் பெருந்தன்மை எதுவும் இல்லை. அவமானம் என்று ஒரு பொருள் கையாளப்படுகிறது. அந்தப் பொருளில் ஏற்றப்பட்ட அர்த்தத்தைக் கழற்றிவிட்டு, அதை வெறும் தோலும் ஆணியுமாக, காலில் போட்டுக்கொள்ளத் தக்க சாமானாக, ஆக்கிவிடுகிறார். புனிதத்தைக் குலைப்பதும் இழிவைக் குலைப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கம். பிள்ளையார் மண் என்பதற்கும் செருப்பு தோல் என்பதற்கும் கொடி துணி என்பதற்கும் இடையில் ஒரே தர்க்கம்தான் ஓடுகிறது.

அந்தத் தர்க்கத்தோடுதான் 1955ஐப் படிக்க வேண்டும். இந்தித் திணிப்பை எதிர்த்து 1955 ஆகஸ்ட் 1ஆம் தேதி தேசியக் கொடியைக் கொளுத்துவது என்று பெரியார் அறிவித்தார். நாடே கொதித்தது. கடைசி நேரத்தில், இந்தி திணிக்கப்படாது என்று முதலமைச்சர் காமராசர் உறுதி சொன்னார். கிளர்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. கவனியுங்கள், தமிழ்நாட்டின் மிகப் பெரிய கொடி எரிப்புப் போராட்டம் என்பது கொடி எரிக்கப்படாத போராட்டம். ஒரு தீக்குச்சி செலவில்லை. எரிக்கப்படாத கொடியே வேலையைப் பார்த்துக்கொண்டது. கொடி வெறும் துணி என்று சொன்னவருக்கு, அதை வெறும் துணி என்று எதிராளி ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டான் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. இந்த இடைவெளியில்தான் பேரம் நடந்தது.

1957இல் கதை வேறு. சாதியைப் பாதுகாக்கிற பகுதிகளைக் கொண்டிருக்கிறது என்று சொல்லி அரசியல் சட்டத்தைக் கொளுத்தப் போவதாகத் திராவிடர் கழகம் அறிவித்தது. நாள் நவம்பர் 26, அரசியல் சட்டம் ஏற்கப்பட்ட நாள். அதைக் கொளுத்துவதைத் தண்டிக்கத் தோதான சட்டம் அப்போது அரசின் கையில் இல்லை. அவசர அவசரமாகச் சென்னைச் சட்டமன்றம் தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. மூன்றாண்டு வரை சிறை. நெருப்பு பற்றுவதற்கு முன்பே சாம்பலுக்குத் தண்டனை நிர்ணயிக்கப்பட்டது. தண்டனை இன்னதென்று தெரிந்துகொண்டு பத்தாயிரம் பேர் கொளுத்தியதாகவும் மூவாயிரம் பேர் சிறை சென்றதாகவும் இயக்கப் பதிவுகள் சொல்கின்றன. அவர்கள் எதிர்வழக்காடவில்லை. 'ஆமா, கொளுத்தினேன்' என்பதோடு சரி. பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் திருச்சிச் சிறையில் இறந்தபோது உடல்களைச் சிறைக்குள்ளேயே புதைத்துவிட்டார்கள். மணியம்மையார் போராடித்தான் அவற்றை வெளியே எடுக்க முடிந்தது. காகிதம் எரிந்ததை ஊர் பார்த்தது. எரித்தவனின் பிணத்தை ஊர் பார்க்கக் கூடாது என்று அரசு நினைத்தது.

அந்தச் சட்டத்தை எழுதிய அம்பேத்கரே 1953இல் மாநிலங்களவையில், இதை எரிக்க முதல் ஆளாக வருவேன் என்று சொன்னவர். 1986இல் இந்தி பற்றிய அரசியல் சட்டப் பகுதியை எரித்ததற்காகக் கருணாநிதி சிறை சென்றார், அன்பழகன் உள்ளிட்ட பத்துத் தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி இழந்தார்கள். இதையெல்லாம் இங்கே பட்டியலிடுவது வீரவணக்கத்துக்காக இல்லை. எரிப்பு என்பது இங்கே ஒரு மொழியாக, இலக்கணத்தோடு, விலையோடு, புழங்கியிருக்கிறது என்பதைச் சுட்டத்தான்.

3

இப்போது சட்டத்திடம் வருவோம். கறுப்பு நகைச்சுவை எழுத விரும்புகிற நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்கிற பிரதி இந்தியக் கொடிச் சட்டத் தொகுப்புதான். 2002இல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு விதி: கொடி கிழிந்தோ அழுக்கடைந்தோ போனால் அதை முழுமையாக அழித்துவிட வேண்டும். எப்படி? தனிமையில். என்ன முறையில்? எரிப்பது உத்தமம், அல்லது கொடியின் கண்ணியத்துக்கு ஏற்ற வேறு வழியில்.

அதாவது கொடியை எரிக்கலாம். எரிப்பதுதான் மரியாதை. 1971ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம் பொது இடத்திலோ பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலோ கொடியை எரிப்பதை, கிழிப்பதை, மிதிப்பதைத் தண்டிக்கிறது. மூன்றாண்டு வரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் குற்றம் நெருப்பில் இல்லை, கண்ணில் இருக்கிறது என்பது விளங்கும். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நைந்த கொடியை எரித்தால் நீங்கள் தேசபக்தர். அதே கொடியை அதே தீக்குச்சியால் வாசலில் எரித்தால் தேசத்துரோகி. நடுவில் இருப்பது கதவு.

இன்னொரு விதியும் உண்டு. அரசு மரியாதையோடு நடக்கிற சவ அடக்கத்தில் உடலின் மீது கொடி போர்த்தலாம். ஆனால் அதைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையில் எரியவிடக் கூடாது. கொடியை மடித்து எடுத்துக்கொண்ட பிறகே நெருப்பு. உடல் எரியும், கொடி எரியாது. நான் இதை எழுதுவது கேலிக்காக இல்லை. அரசு தன் மரியாதையை எங்கே வைத்திருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

2021 கடைசியில் விதியைத் திருத்திப் பாலியஸ்டரிலும் எந்திரத்திலும் கொடி செய்யலாம் என்றார்கள். அதுவரை கைநூல் கைநெசவு. அடுத்த ஆகஸ்டில், 2022இல், வீடுதோறும் மூவர்ணக் கொடி என்று இயக்கம் நடந்தது. தெருத் தெருவாகக் கொடி. மழையும் காற்றும் வந்தது. துணி நைந்தது, குச்சி ஒடிந்தது. சட்டத்தை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்திருந்தால் அந்த மாதக் கடைசியில் நாட்டின் எல்லா வீடுகளிலும் கதவைச் சாத்திக்கொண்டு கொடியைக் கொளுத்தியிருக்க வேண்டும். கதர் எரிந்தால் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும், கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். விரலைச் சுட்டுக்கொண்ட தேசபக்தர்களைப் பற்றி ஒரு நகைச்சுவைத் துணுக்குக்கூட எங்கும் வரவில்லை. எரிக்கிறவனைப் பற்றிச் சிரிக்க நமக்குப் பயிற்சி இருக்கிறது. எரிக்கச் சொல்கிறவனைப் பற்றிச் சிரிக்கப் பயிற்சி இல்லை.

4

சிதம்பரத்துக்கு நெருப்பு புதிதில்லை. ஆதனூரிலிருந்து வந்த நந்தன் தில்லைக்குள் நுழைய வேண்டுமென்றால் நெருப்பில் இறங்க வேண்டும். இறங்கினான், முனிவனாக எழுந்தான், உள்ளே போனான் என்கிறது புராணம். எரிந்துபோனான் என்று சொல்வதற்கு இவ்வளவு அழகான வழி வேறு மொழியில் இருக்குமா தெரியவில்லை. சாதியின் தூய்மைக்கு உடலை எரித்துக்கொள்வது பக்தி. அந்தக் கோயிலின் கிழக்குக் கோபுரத்தில்தான் ஒவ்வொரு குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் தேசியக் கொடி ஏறுகிறது. நடராசர் சந்நிதியில் வைத்துப் பூசை செய்து, ஊர்வலமாக எடுத்துப்போய்த் தீட்சிதர்கள் ஏற்றுகிறார்கள். கொடி சந்நிதிக்குள் போய்வர நெருப்பில் இறங்க வேண்டியதில்லை. அதன் பஞ்சை எந்தச் சேரிப் பெண் பறித்தாள், எந்தக் கை நூற்றது என்று யாரும் கேட்பதில்லை. நந்தனுக்குக் கிடைக்காத அனுமதி துணிக்குக் கிடைக்கிறது.

1965இல் குடியரசு நாளைத் துக்க நாளாக்கிக் கருப்புக் கொடி ஏற்றுவது என்று தி.மு.க. முடிவு செய்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 1964 ஜனவரி 25இல், கீழப்பழுவூர்ச் சின்னசாமி திருச்சி ரயில் நிலையத்தில் தன்னை எரித்துக்கொண்டிருந்தார். 1965 ஜனவரி 26இல் கோடம்பாக்கம் சிவலிங்கம், மறுநாள் விருகம்பாக்கம் அரங்கநாதன். அதே 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்களின் ஊர்வலத்தின் மீது போலீஸ் சுட்டதில் மாணவர் ராசேந்திரன் செத்துப்போனார். பல்கலைக்கழகத்தின் முன்னால் அவர் சிலையாக நிற்கிறார். பத்தாண்டுக்கு முன்பு ஒரு துணியை எரிக்கப்போகிறேன் என்று சொன்னதற்கு உடனே உறுதிமொழி கிடைத்தது. இப்போது உடல்கள் எரிந்தன, கிடைத்தது துப்பாக்கிச்சூடு. அரசின் கணக்கில் துணியின் தீப்பற்றும் அளவு உடலுடையதைவிடக் குறைவு போலிருக்கிறது.

நெருப்பின் கணக்கை இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 1927 டிசம்பர் 25இல் மகத்தில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் குடிசைக்குள் அடைபட்ட 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அரசியல் சட்டப் புத்தகத்தை எரித்தவன் மூன்றாண்டு வரை சிறையிலிருந்தான். வெண்மணி நிலக்கிழார்களை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய் நெருப்பு வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அங்கே வைக்கப்பட்ட காரணங்களில் ஒன்று. எந்தக் கறுப்பு நகைச்சுவை எழுத்தாளனும் இதைவிடப் பெரிதாக எழுதிவிட முடியாது.

1999 மக்களவைத் தேர்தலில் திருமாவளவன் முதன்முறையாகச் சிதம்பரத்தில் நின்றபோது இந்தத் தொகுதியின் சேரிக் குடிசைகள் எரிந்தன. 2003இல் இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டையில், சாதி மீறி மணந்த இரண்டு பேருக்கு நஞ்சு ஊற்றிக் கொன்று உடல்களை எரித்தார்கள். கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 2021 ஆயிற்று. தண்டிக்கப்பட்டவர்களில் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். இவையெல்லாம் கொலை, தீவைப்பு, வன்கொடுமை என்று தனித்தனிச் சட்டங்களில் பதிவாகும். 'தேசிய மரியாதைக்கு அவமதிப்பு' என்ற தலைப்பில் எதுவும் வராது. அந்தத் தலைப்பின் கீழ் வருவதற்கு ஒரு முழம் துணி வேண்டும்.

5

இந்த இடத்தில் கதையைத் திருப்பிப் போடுகிற ஒரு ஊர் உண்டு. சிதம்பரத்துக்குப் பக்கத்தில், புவனகிரி வட்டாரத்தில், தெற்குத்திட்டை. ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சி. தலைவர் ஒரு தலித் பெண். 2020 அக்டோபரில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில், தலைவர் தரையில். தேசியக் கொடி ஏற்றவும் தன்னை விடவில்லை என்று அவர் சொன்னார். படம் வெளியே வந்த பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. அதே ஆண்டு ஆகஸ்டில் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலித் பெண் தலைவரைக் கொடி ஏற்ற விடவில்லை. செய்தி பெரிதான பிறகு, சில நாள் கழித்து, அதிகாரிகள் முன்னிலையில் ஏற்றினார். 2022 ஆகஸ்டில், வீடுதோறும் கொடி என்று நாடு முழுக்க முழங்கிக்கொண்டிருந்த அதே வாரங்களில், ஊராட்சிகளில் சாதிப் பாகுபாடு இல்லாமல் தலைவர்களே கொடி ஏற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் எடுத்தவாய்நத்தத்தில் தலைவர் போலீஸ் பாதுகாப்போடு கொடி ஏற்றினார்.

கொடியை இறக்குகிறவனுக்கு எதிராகத்தான் போலீஸ் என்று நாம் பழகியிருக்கிறோம். இங்கே ஏற்றுகிறவருக்குக் காவல். எரிப்பவனைத் தேடிப் பிடிக்கிற 1971ஆம் ஆண்டுச் சட்டம் இந்த ஊர்களில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. ஏனென்றால் தலைவரைத் தடுத்தவர்கள் கொடியைத் தொட்டு அவமதிக்கவில்லை. சொல்லப்போனால் அவர்கள் கொடியை ரொம்பவே மதிக்கிறார்கள். அவ்வளவு மதிப்பதனால்தான் அந்தக் கை கயிற்றில் படக் கூடாது என்கிறார்கள். கோயில் தேர் வடத்துக்கு என்ன விதியோ அதே விதி கொடிக் கயிற்றுக்கும். தேசியச் சின்னம் ஊருக்குள் வந்ததும் ஊர்ச் சாமி ஆகிவிடுகிறது. புனிதம் என்று ஒன்றைக் கட்டமைத்துவிட்டால் தீட்டும் கூடவே வந்துவிடும் என்பதற்குப் புத்தகம் தேடிப் போகவேண்டியதில்லை, புவனகிரி பஸ் ஏறினால் போதும்.

6

நம் தோழர்களுக்கு இதில் என்ன இருக்கிறது? கொடி எரிப்பு ஒரு போராட்ட வடிவமாக இன்று எங்கே வந்து நிற்கிறது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. 2009க்கு முன்னும் பின்னும், 2013 மாணவர் போராட்டத்தின்போதும், இங்கே இலங்கைக் கொடியும் ராஜபக்சே கொடும்பாவியும் எரிந்தன. கோபம் நியாயமானது. ஆனால் 1971ஆம் ஆண்டுச் சட்டம் காப்பது இந்தியக் கொடியை மட்டும்தான். அடுத்த நாட்டுக் கொடியை எரிப்பவனை மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள். 1957இல் எரித்தவன் மூன்று வருஷத்தை எண்ணிக்கொண்டு தீக்குச்சியை உரசினான். விலை குறைந்தால் மொழியும் நீர்த்துப்போகிறது. கொடும்பாவி என்பதே மழை பொய்த்த காலத்தில் ஊர்ப் பாவத்தை ஒரு பொம்மையாகக் கட்டி, தெருத் தெருவாக இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைத்துக் கொளுத்துகிற சடங்கு. அதில் ஊர் தன் பாவத்தையும் சேர்த்துத்தான் எரித்தது. இன்று போலீஸ் பொம்மையின் காலைப் பிடித்து இழுக்க, நாம் தலையைப் பிடித்து இழுக்க, வைக்கோல் உதிர, போட்டோ எடுத்தாகிவிடுகிறது. நம்முடைய பாவம் எதுவும் அந்த வைக்கோலில் இல்லை.

ஆகவே எரிக்காதே என்று நான் சொல்லவில்லை. கொடிக்கு மரியாதை செய் என்று சொல்வதற்கு ஆட்சியர் அலுவலகம் இருக்கிறது, நான் வேண்டியதில்லை. எரிப்பது கலகம், ஏற்றுவது பணிவு என்ற நம் எளிய வாய்ப்பாடு இந்த மாவட்டத்தில் செல்லுபடியாகாது என்கிறேன். எரிக்கும் உரிமையைப் பற்றிப் பேச அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டு நாம் வாதாடலாம், வாதாட வேண்டும். அங்கே ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர், கொடி எரிப்பதும் கருத்துரிமைதான் என்றார்கள். ஆனால் ஒரு பொருளை எரிக்க, அது முதலில் நம் கைக்கு வரவேண்டும். தெற்குத்திட்டைத் தலைவரின் கைக்கு அது வரவே இல்லை. கொடி துணி என்று பெரியார் நிரூபிக்க நினைத்ததை அந்தப் பெண் வேறு வழியில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது: மற்ற எல்லாத் துணியையும் போல இதையும் தொடலாம், இழுக்கலாம், முடிச்சுப் போடலாம், தொட்டால் எதுவும் ஆகாது.

அடுத்த முறை கொடி எரிப்பவனைப் பற்றி யாராவது நகைச்சுவை சொன்னால் சிரியுங்கள், தப்பில்லை. சிரித்து முடித்ததும், அந்த ஊரில் ஆகஸ்ட் 15 அன்று கயிற்றை இழுப்பது யார் என்று கேட்டுப் பாருங்கள்.